மலைச்சரிவில் ஒரு வளாகம்: வலையமைப்புக்கு முதல் காசை எங்கே போடுவது?

மலையகத்தில் ஒரு வளாகத்தின் வலையமைப்புப் பொறுப்பைப் புதிதாக எடுத்திருக்கிறீர்கள். சரிவில் பன்னிரண்டு கட்டடங்கள், அவற்றில் இரண்டு விடுதிகள், ஏறக்குறைய 1,200 மாணவர்கள், பார்த்துக்கொள்ள நீங்களும் இன்னொருவரும். இரவானால் வைஃபை நகரவே மாட்டேன் என்கிறது. இணைய வேகத்தைக் கூட்டுவதா, புதிய அக்சஸ் பொயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) வாங்குவதா, வாங்கினால் எந்த பிராண்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விளங்குவது இதுதான்: நிர்வாகம் ஒரு தடவை பணம் தர ஒத்துக்கொண்டிருக்கிறது, அடுத்த தடவை எப்போது என்று தெரியாது. எதில் போட்டால் ஐந்து வருடம் கழித்து மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டி வராது? மலைநாட்டு வளாகங்களில் நெடுங்காலம் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேபிள் போகும் வழி, எர்த் (நிலத்தோடு மின் இணைப்பு), மின்சாரம் ஆகிய மூன்றிலும் முதலில் போடுங்கள். அக்சஸ் பொயின்ட்டும், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்சும் ஆறேழு வருடத்தில் எப்படியும் மாறும். ஒழுங்காகப் புதைத்த குழாய் இன்னொரு தலைமுறைக்கும் உதவும்.

ஆனால் எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். வெளி இணைப்பு வந்து சேரும் ரவுட்டரின் போக்குவரத்தை லிப்ரே என்எம்எஸ் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் வரைபடமாக எடுங்கள். ஒதுக்கிப் போட்ட பழைய மேசைக் கணினி ஒன்றே இதற்குப் போதும். இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை கோடு உச்சியில் போய்த் தட்டையாக நின்றால் வெளி இணைப்பு போதவில்லை என்று அர்த்தம். 300 பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு 2.5 மெகாபிட்டில் வீடியோ பார்த்தாலே 750 மெகாபிட் வேண்டும், ஆகவே அது நடக்கக்கூடியதுதான். கோடு பாதி உயரத்தில் கிடக்க, முறைப்பாடு மட்டும் குவிந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது; வேகத்தைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் காசு வீண். ஐந்து நிமிடச் சராசரி வரைபடம் சில விநாடி நெரிசலை மறைத்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். நான் பார்த்த இடங்களில் உள்ளே இருக்கும் கோளாறுதான் அதிகம்.

உள்ளே என்றால் எங்கே? விடுதிகளில் அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாடி முழுக்க வைஃபை பிடிக்கும், எந்த இணையப் பக்கமும் திறக்காது. ஒரு பிள்ளையின் போனை வாங்கி வைஃபை விபரத்தைப் பாருங்கள். உங்கள் வளாகம் 10 என்று தொடங்கும் ஐபி முகவரிகளைக் கொடுக்க, அந்தப் போனில் 192.168.0 என்று தொடங்கும் முகவரி இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, சுவர் சொக்கெட்டில் இருந்து வரும் கேபிளை அதன் வான் (வெளி இணைய) துளையில் செருகாமல் லான் (உள் இணைப்பு) துளையில் செருகியிருக்கிறார். அந்த ரவுட்டர் எல்லாருக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மடிக்கணினியில் அந்த கேட்வேயின், அதாவது அந்த ரவுட்டரின், மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) எடுத்து, சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடினால் எந்தப் போர்ட் என்று தெரியும். போர்ட் தெரிந்தால் அறை தெரியும். இனிமேல் இது நடக்காமல் இருக்க டிஎச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத ரவுட்டர் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி) போடுங்கள்; கேபிளை வளையமாகச் செருகிவிடுவதற்கு எதிராக பிபிடியு கார்டையும் போடுங்கள். இரண்டும் சாதாரண மேனேஜ்ட் சுவிட்சிலேயே உண்டு. அந்த மாணவரைத் திட்டி ரவுட்டரைப் பறிக்க மட்டும் வேண்டாம். தன் அறைக்கு சிக்னல் வராததால்தான் கைக்காசு போட்டு அதை வாங்கியிருக்கிறார். அந்த அறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்த அக்சஸ் பொயின்ட் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்தது முகவரித் தட்டுப்பாடு. ஒரு விடுதிக்கு 254 முகவரி என்று யாரோ ஒரு காலத்தில் ஒதுக்கியிருப்பார்கள். இன்றைக்கு ஆளுக்கு ஒரு போன், ஒரு மடிக்கணினி. குத்தகை நேரம், அதாவது ஒரு கருவிக்கு முகவரியை ஒதுக்கிவைக்கும் காலம், ஏழு நாள் என்று இருந்தால், வந்துபோன விருந்தினரின் போன் கூட ஒரு வாரத்துக்கு இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். விடுதிக்கு ஆயிரம் முகவரி கொடுத்து, குத்தகையைச் சில மணி நேரமாகக் குறையுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது. மேக் முகவரியைப் பதிந்து அனுமதி கொடுக்கும் பழைய முறையையும் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு பொய் மேக்கைக் காட்டுகின்றன.

வைஃபை பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல் மூன்றுதான், 1, 6, 11. தாழ்வாரத்தில் பத்து மீட்டருக்கு ஒன்று என்று அக்சஸ் பொயின்ட்டுகளைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் முழுச் சக்தியில் ஓடவிட்டால் அவை ஒன்றையொன்று கெடுக்கும். அந்த நிலையில் இன்னும் பத்து வாங்கினால் நிலைமை மோசமாகும். சக்தியைக் குறைத்து, 5 கிகாஹெர்ட்ஸை முதன்மையாக வைத்து, சில மாடிகளில் 2.4-ஐ நிறுத்தியே பாருங்கள். எத்தனை அக்சஸ் பொயின்ட் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பழைய கருங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும், தகரக்கூரை அதைத் திருப்பி அனுப்பிவிடும். கையில் போனோடு நடந்து அளந்தால்தான் தெரியும்.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். ஈத்தர்நெட் செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். வரைபடத்தில் அறுபது மீட்டர் தள்ளி இருக்கும் கட்டடம், சரிவையும் படிக்கட்டையும் தாங்குமதிலையும் சுற்றிப் போனால் நூற்றைத் தாண்டிவிடும். தூரம் போதுமாக இருந்தாலும்கூட, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் செப்பு போடவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான நிலைப்பாடு. காரணம் மின்னல். இலங்கையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும். பக்கத்தில் எங்கோ மின்னல் விழும்போது இரு கட்டடங்களின் நில மின்னழுத்தமும் ஒரு கணம் பெரிய வித்தியாசத்தில் நிற்கும். அவற்றை இணைக்கும் செப்புக் கம்பி அந்த வித்தியாசத்தைச் சுவிட்சுக்குள் கொண்டுவருகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் இரு முனைகளிலும் போர்ட்டுகள் கருகியிருக்கும். கண்ணாடி இழைக்கு, அதாவது ஃபைபருக்கு, இந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே இரும்புக் கவசம் உள்ள ஃபைபர் என்றால் அந்தக் கவசமும் கம்பிதான் என்பதை மறக்க வேண்டாம், அதை முறையாக எர்த் செய்ய வேண்டும்.

ஃபைபரில் நெடுந்தூரத்துக்குச் சிங்கிள் மோட், குறுந்தூரத்துக்கு மல்டிமோட் என்று இரு வகை உண்டு; சிங்கிள் மோடாகவே இருக்கட்டும். யாராவது கையிருப்பில் உள்ள மல்டிமோடை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓஎம்3 வகை மல்டிமோடில் 10 கிகாபிட் 300 மீட்டரோடு நின்றுவிடும். சிங்கிள் மோடில் சுவிட்சில் செருகும் சாதாரண எல்ஆர் மொடியூலே 10 கிலோமீட்டர் போகும், நாளை 100 கிகாபிட் வந்தாலும் அதே இழைதான். இப்போது நான்கு இழை போதும் என்று கணக்கு வந்தாலும் இருபத்துநான்கு போடுங்கள். மொத்தச் செலவில் பெரிய பங்கு குழி வெட்டுவதற்கே போகிறது, கூடுதல் இழைக்கு அதில் சிறு பங்குதான். அதே குழியில் இன்னொரு வெறுங்குழாயையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.

குழி வெட்டும் விதம்தான் சமதரை வளாகங்களுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம். குறுகிய வழி என்று சரிவில் நேர்கீழாக வெட்டினால், முதல் பெருமழையில் அது கானாக (வடிகாலாக) மாறிவிடும். தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு மண்ணை அரித்து, குழாயை வெளியே தள்ளிவிடும். தோட்டத்தில் கான் வெட்டிய பெரியவர் யாரையாவது அழைத்துக்கொண்டுபோய் இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே மண் நகரும் என்று அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். சரிவைக் குறுக்கே பிடித்து, மெல்ல இறங்கும் வழியாகக் கொண்டுபோங்கள். நேர்கீழாக இறங்கியே ஆக வேண்டிய துண்டுகளில் சில மீட்டருக்கு ஒரு கொங்கிரீட் தடுப்பு வையுங்கள். தாங்குமதிலைத் துளைக்காதீர்கள், அதன் நீர்த்துளைகளை அடைக்காதீர்கள். ஒவ்வொரு மேன்ஹோலிலும் பத்துப் பதினைந்து மீட்டர் கேபிளைச் சுருட்டி விட்டுவையுங்கள். மண் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் இடத்தில் கேபிள் இழுபட்டு அறாமல் காப்பது அதுதான், அறுந்தாலும் ஒட்டுவதற்கு நீளம் இருக்கும்.

வெட்டும் காலமும் முக்கியம். ஹட்டன், நுவரெலியாவின் மேற்குப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் பகுதி, அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்லது. ஆனால் அரச நிதியாண்டு டிசம்பரில் முடிவதால், கேள்விமனுவெல்லாம் முடிந்து ஒப்பந்தகாரர் மண்வெட்டியோடு வந்து நிற்பது பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பரில். மலையின் எந்தப் பக்கத்துக்கும் அது மழைக்காலம். ஈரச்சரிவில் குழி வெட்டுவது வேலை செய்பவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆகவே குழி வேலையைத் தனி ஒப்பந்தமாகப் பிரித்து, அதன் ஆவணங்களை முந்தின வருடமே தயார் செய்துவையுங்கள். எழுத்து வேலை சலிப்பாக இருக்கும்தான், இந்தத் திட்டத்தில் உங்கள் கையால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் அதுதான்.

கம்பத்தில் தொங்கவிடலாமா என்று கேட்பீர்கள். குழி வெட்டவே முடியாத பாறைத் துண்டுகளில் தொங்கவிடலாம், உலோகமே இல்லாத ஏடிஎஸ்எஸ் கேபிளாக இருந்தால். குரங்குகள் அதில் ஊஞ்சலாடும், யூகலிப்டஸ் கொப்பு முறிந்து விழும், அதற்குத் தயாராக இருங்கள். நிலத்துக்கு அடியில் எலியும் முள்ளம்பன்றியும் கடிக்கும், கடினமான எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் நேராகப் புதைக்க வேண்டாம். வெளிப்புறப் பெட்டிகளில் குளவி கூடு கட்டும். இதை இலேசாக எடுக்காதீர்கள், நம் தோட்டங்களில் குளவி கொட்டி உயிர்போனவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் ஒவ்வொரு துளையிலும் வலை அடியுங்கள், திறக்கும் முன் தட்டிப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள்.

எர்த் பற்றி இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்ல வேண்டும். பாறை மண்ணில் எர்த் கம்பி நாலடிக்கு மேல் இறங்காது. இறங்கின மட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கம்பி இறங்காத இடத்தில் கட்டடத்தைச் சுற்றி செப்புப் பட்டியைக் கிடையாகப் புதைத்து, மின்சார எர்த், வலையமைப்புப் பெட்டி, கூரை மின்னல்காப்பு எல்லாவற்றையும் ஒரே எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தனித்தனி எர்த்து வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள், உண்மையில் அதுதான் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அளவையும் வறண்ட மாதத்தில் எடுங்கள். மழை பெய்த மறுநாள் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். மின்சாரப் பொறியியலாளர் ஒருவர் கையெழுத்து வைக்காமல் இந்த வேலையை ஏற்காதீர்கள். நேராக விழும் மின்னலுக்கு எந்தக் கருவியும் முழு உத்தரவாதம் இல்லை. பக்கத்தில் விழுவதால் வரும் சேதத்தைத்தான் குறைக்க முடியும், ஆனால் நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு அந்த வகைதான்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் இருந்தால் ரேடியோ இணைப்பு நினைவுக்கு வரும். பனிமூட்டம் வந்தால் அறுந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மூடுபனி ஒன்றும் செய்யாது, மழையும் ஏறக்குறைய அப்படித்தான். அறுப்பது மரம், அதிலும் ஈர இலை. பார்வைக்குக் கோபுரம் தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டு கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் ஆரத்துக்குப் பிரெனெல் வலயம் (ரேடியோ அலை பரவிச் செல்லும் வெளி) இருக்கிறது, அதில் குறைந்தது அறுபது வீதம் வெளியாக இருக்க வேண்டும். இன்று வெளியாக இருக்கும் வழியில் சவுக்கு வளர்ந்து நாலே வருடத்தில் மறைக்கும். 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் கதையே வேறு, அவற்றை மழை உண்மையிலேயே படுத்தும். ரேடியோவை ஃபைபருக்குத் துணையாக வையுங்கள், பதிலாக வைக்க வேண்டாம். அலைவரிசைக்கும் சக்திக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்குத் திட்டமிட முடியாது, ஆனால் மலையில் மரம் விழுந்து இரண்டு மூன்று மணி நேரம் போவது சாதாரணம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு விடுதியில் இருபது அக்சஸ் பொயின்ட், ஒவ்வொன்றும் 15 வாட், சுவிட்சோடு சேர்த்து 360 வாட். மூன்று மணி நேரத்துக்கு 1.08 யூனிட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்று பெயருக்கு 1.2 யூனிட், நீடித்து உழைக்க வேண்டுமானால் அதில் பாதிதான் எடுக்கலாம். ஆக இரண்டு பற்றரியும் போதும் போதாமல்தான் வரும். மேசைக் கணினிக்கு விற்கும் சின்ன யூபிஎஸ் இதற்குக் காணாது. மத்திய அறைக்கும் விடுதிகளுக்கும் ஜெனரேட்டர் வழி வாங்க முடியுமா என்று பராமரிப்புப் பிரிவோடு பேசுங்கள். எந்தப் பெட்டியில் கரண்ட் போனால் எத்தனை கட்டடம் இருளும் என்று ஒரு தாளில் எழுதினாலே பற்றரி எங்கே முதலில் என்று தெரிந்துவிடும்.

வெளி இணைப்பு அரச பல்கலைக்கழகம் என்றால் லேர்ன் வழியாக வரும், அதாவது இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. அதோடு எடுரோம் வசதியும் கிடைக்கும். உங்கள் மாணவர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனாலும் தன் கடவுச்சொல்லிலேயே அங்கே இணையலாம். அதைப் போட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு, பொதுக் கடவுச்சொல் என்ற தொல்லை இல்லை. போனில் சான்றிதழைச் சரியாக அமைக்க எடுரோம் கேட் (eduroam CAT) கருவியைக் கொடுங்கள், கையால் அமைக்கச் சொன்னால் பாதிப்பேர் தவறாக அமைப்பார்கள். இரண்டாவது வெளி இணைப்பு எடுப்பதென்றால், விற்பவரிடம் விலைக்கு முன் பாதையைக் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் கேபிளும் ஒரே ரோட்டின் ஒரே கம்பங்களில் வந்தால், ஒரே மண்சரிவு இரண்டையும் அறுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரோடுகளை என்ன செய்தது என்று பார்த்தோம். வளாகத்துக்குள்ளும் இதே கேள்விதான். பேராதனையில் பொறியியல் பீடம் மகாவலிக்கு அக்கரையில் இருக்கிறது, கேபிள் எதுவானாலும் ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும். உங்கள் சரிவிலும் அப்படி ஒரு குறுகிய இடம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, இயன்றால் வேறு பக்கத்தால் சுற்றி வளையமாக்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடத்துக்கு ஒரு வீலான் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி வலையமைப்பு), அலுவலகம், மாணவர், கமரா தனித்தனி. சுவிட்சுகளை நிர்வகிக்கும் முகவரிகள் மாணவர் பக்கமிருந்து எட்டவே கூடாது. எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடட்டும், இல்லாவிட்டால் பதிவுகளைப் பொருத்திப் பார்க்க முடியாது. அந்தப் பதிவுகள் மாணவரின் தனிப்பட்ட தரவு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைப் பற்றியது. எவ்வளவு காலம் வைப்பீர்கள், யார் பார்க்கலாம் என்று எழுத்தில் ஒரு முடிவு எடுத்துவையுங்கள். பிராண்ட்? பெயர்பெற்றது எதுவானாலும் சரி. கேள்விமனுவில் உத்தரவாதக் காலம், மென்பொருள் புதுப்பிப்புக்கு வருடாந்தக் கட்டணம் உண்டா, கட்டணம் நின்றால் கருவி வேலை செய்யுமா என்ற மூன்றையும் கேளுங்கள். கட்டணம் நின்றதும் கருவியும் நிற்கும் முறையை எடுக்காதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போனபோது அந்தக் கட்டணங்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஆட்பலம் இரண்டே பேர் என்பது எனக்கு உங்கள் கேள்வியிலேயே அதிகம் கவலை தந்த விடயம். இருவரில் ஒருவர் வெளிநாடு போனால் பாதி வலையமைப்பு அவர் தலைக்குள் இருந்து போய்விடும். எந்த இழை எந்த மேன்ஹோல் வழியாக எங்கே போகிறது, எந்தப் போர்ட் எந்த அறை என்பதை நெட்பொக்ஸ் என்ற மென்பொருளிலோ, முடியாவிட்டால் ஒரு விரிதாளிலோ எழுதுங்கள். குழியை மூடும் முன் படம் எடுத்து, பக்கத்துச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். இணையும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வருடப் பிள்ளைகளின் பாதி முறைப்பாடு அதிலேயே தீரும். 2020இலும் 2021இலும் இணையவழி வகுப்புக்காக மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகளை நாடே பார்த்தது. தோட்ட லயத்து வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு உங்கள் விடுதி வைஃபைதான் வாழ்க்கையில் கிடைத்த முதல் ஒழுங்கான இணைப்பாக இருக்கலாம். ஆகவே பணம் பிரிக்கும்போது நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் விடுதியை வையுங்கள் என்று கூட்டத்தில் வாதாடுங்கள். பகலில் அலுவலகம், இரவில் விடுதி என்ற வரைபடம் உங்கள் கையில் இருந்தால் வாதம் இலேசாகும்.

இடத்தைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாதவையும் உண்டு: எத்தனை அக்சஸ் பொயின்ட், எர்த்துக்கு எவ்வளவு செப்பு, எந்தச் சரிவில் புதைப்பது, எதில் தொங்கவிடுவது. உயரக்கோடுகள் உள்ள வளாக வரைபடம், வெளி இணைப்பின் ஒரு வார வரைபடம், கடந்த வருடம் கருகிய கருவிகளின் பட்டியல் திகதியோடு, இந்த மூன்றையும் தயார் செய்யுங்கள். கருகிய திகதிகள் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் குவிந்திருந்தால் எர்த்தில் தொடங்குங்கள். வருடம் முழுக்கப் பரவியிருந்தால் மின்னழுத்தத்தையும் யூபிஎஸ்களையும் முதலில் சோதியுங்கள்.